ஒலித்தட்டின் கதை – 17: பணக்கார வீட்டுப் பிள்ளையின் காது

சென்ற அத்தியாயத்தை ஒரு கணக்கோடு நிறுத்தியிருந்தோம். 1927-ல் அமெரிக்காவில் விற்ற இசைத்தட்டுகள் சுமார் 10 கோடி. 1932-ல் அது 60 லட்சமாகிவிட்டது. வேலை போனவன் வீட்டில் வானொலி சும்மாவே பாடிக்கொண்டிருந்தது. அவன் காசு கொடுத்துத் தட்டு வாங்குவானா? கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கின. விழுங்கியவையும் கொஞ்ச நாளில் விலைக்கு வந்தன. கறுப்பினத்தவருக்கென்று தனிப் பட்டியல் போட்டு, ‘ரேஸ் ரிக்கார்ட்ஸ்’ என்று பெயர் வைத்து விற்றார்களே, முதல் அடி அந்த வரிசைக்குத்தான்.

தொழில் இந்த லட்சணத்தில் கிடந்தபோது சொந்தப் பணத்தோடு உள்ளே வந்தார் ஓர் இளைஞர். ஒட்ட வெட்டிய முடி, கக்கத்தில் எப்போதும் ஒரு கட்டுப் பத்திரிகை, பார்த்தவர்கள் மறக்க முடியாத அகலச் சிரிப்பு. பெயர் ஜான் ஹாமண்ட். 1931-ல் கார்லண்ட் வில்சன் என்ற பியானோக்காரரைத் தன் செலவில் பதிவு செய்து தட்டு போட்டபோது அவருக்கு 20 வயது.

இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் இயந்திரம் தெரிந்தவர்கள், இல்லையென்றால் வியாபாரம் தெரிந்தவர்கள். ஹாமண்டுக்கு இரண்டும் சுமார்தான். அவர் வாழ்ந்ததெல்லாம் கேட்டு. கேட்டதைப் பத்துப் பேரைப் பிடித்து இழுத்து வந்து கேட்க வைப்பது இன்னொரு பாதி. அவர் கண்டெடுத்த பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒரே ஆளா என்று சந்தேகம் வரும்: பில்லி ஹாலிடே, கவுண்ட் பேசி, சார்லி கிறிஸ்டியன், அரீதா ஃபிராங்க்ளின், பாப் டிலன், லெனார்ட் கோஹன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 40 ஆண்டு, அரை டஜன் இசை வகை. ஆனால் இந்த வரிசையை அவருடைய ரசிகர்கள் சொல்லும் விதத்தில் ஒரு குறை உண்டு. கதவைத் திறந்துவிட்டதோடு கதையை முடித்துவிடுவார்கள். உள்ளே வந்தவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் ஹாமண்ட் யார் என்பது தெரியும்.

தாய் வாண்டர்பில்ட் வம்சம். ரயில் கம்பெனிகளில் செல்வம் குவித்த குடும்பம். 1910 டிசம்பர் 15-ல் பிறந்த ஹாமண்ட் வளர்ந்த மாளிகை நியூயார்க்கில் கிழக்கு 91-ம் தெருவில் இன்னும் இருக்கிறது. இப்போது அது ரஷ்யத் துணைத் தூதரகம். பையனுக்கு முதலில் பியானோ, பிறகு வயலின் சொல்லிக்கொடுத்தார்கள். வேலைக்காரர்கள் இருந்த பகுதியில் ஒரு கிராமபோன் இருந்தது. அங்கே ஓடிய தட்டுகள்தாம் அவருக்குப் பிடித்துப்போயின. பதின்ம வயதில் வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஹார்லெம் பக்கம் போய்விடுவார். மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராயக் கூடங்களில் ஒரு எலுமிச்சைச் சாற்றை வாங்கி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார். குடிப்பழக்கம் இல்லை. 1927-ல் அல்ஹாம்ப்ரா தியேட்டரில் பெஸ்ஸி ஸ்மித் பாடக் கேட்டது அவரை ஒரேயடியாகத் திருப்பிவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். 1931-ல் பாதியில் விட்டுவிட்டு வந்தார். குடும்ப அறக்கட்டளையிலிருந்து ஆண்டுதோறும் பணம் வரும். சோற்றுக்குக் கவலையில்லை. இதை மறந்துவிட்டு அவருடைய துணிச்சலைப் புகழ்வதில் அர்த்தமில்லை. சம்பளத்தை நம்பியிருக்கும் எந்த அதிகாரியும் முதலாளியிடம் அவர் பேசிய மாதிரி பேசியிருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ஜாஸைப் பதிவு செய்யச் சொல்லி அவருக்கு முதலில் வேலை கொடுத்தது இங்கிலாந்து. ‘மெலடி மேக்கர்’ என்ற லண்டன் பத்திரிகைக்கு அவர் நியூயார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே ஜாஸ் தட்டுகளுக்கு ஆள் இருந்தது. சொந்த ஊரில் சரக்கைத் தொடவும் ஆளில்லை. ஆங்கிலேயக் கொலம்பியா கம்பெனி, எங்களுக்கு இத்தனை தட்டு வேண்டும், ஏற்பாடு செய் என்றது. ஃபிளெட்சர் ஹெண்டர்சன், பென்னி கார்ட்டர், பென்னி குட்மேன் ஆகியோரை ஹாமண்ட் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தது அந்த ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

1933 நவம்பரின் கடைசி வாரத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

24-ம் தேதி வெள்ளிக்கிழமை பெஸ்ஸி ஸ்மித் வந்தார். 1920-களில் ‘ப்ளூஸ் பேரரசி’ என்று போஸ்டர் அடித்துக் கொண்டாடப்பட்டவர். உச்சத்தில் இருந்தபோது கொலம்பியா அவருக்குத் தட்டின் ஒரு பக்கத்துக்கு 200 டாலர் கொடுத்தது. 1931-ல் அதே கம்பெனி அவரைக் கைகழுவியது. இப்போது ஹாமண்ட் பேசிய தொகை பக்கத்துக்கு 37.50 டாலர், ராயல்டி கிடையாது. நான்கு பக்கம், ஆக 150 டாலர். பஞ்ச காலத்தில் சோகப்பாட்டை யார் கேட்பார்கள், ப்ளூஸ் வேண்டாம் என்று பெஸ்ஸியே சொல்லிவிட, துள்ளலான நான்கு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய பதிவு முறை எப்படிப்பட்டது என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். சுழலும் மெழுகில் ஊசி கீறிக்கொண்டு போகும். மூன்று நிமிடம். யாராவது தும்மினால் அந்த மெழுகு வீண். வெட்டி ஒட்ட வழியில்லை. பக்கத்து அறையில் வேறு வேலையாக இருந்த பென்னி குட்மேன், ஒரு பாட்டில் க்ளாரினெட்டோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். காதைத் தீட்டிக்கொண்டால்தான் அவர் வாசிப்பு கேட்கும்.

27-ம் தேதி திங்கட்கிழமை. இப்போது குட்மேன் குழுவின் தலைவர். முன்னால் நின்ற பாடகிக்கு 18 வயது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஹார்லெமின் 133-ம் தெருவில் மோனெட் மூர் நடத்திய கூடத்துக்குப் போன ஹாமண்ட், எதேச்சையாக அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தார். குரலில் பெரிய வீச்சு இல்லை. ஆனால் பாட்டைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, ஒரு வாத்தியக்காரர் வாசிப்பதுபோல் பாடினார். உடனே ‘மெலடி மேக்கர்’ பத்திரிகைக்கு எழுதிப் போட்டார் ஹாமண்ட். பில்லி ஹாலிடேக்குக் கிடைத்த முதல் பதிவுக் கூலி 35 டாலர்.

பெஸ்ஸி ஸ்மித்தின் கடைசிப் பதிவுக்கும் பில்லி ஹாலிடேயின் முதல் பதிவுக்கும் இடையில் மூன்றே நாள். இரண்டையும் ஏற்பாடு செய்தவருக்கு வயது 22. இரண்டு தட்டும் அப்போது விற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பில்லியைக் கேட்கிறவர்கள் பெருகியது 1935 ஜூலையில், பியானோக்காரர் டெடி வில்சனோடு அவரைச் சேர்த்து, ஜூக்-பாக்ஸ்களுக்காக பிரன்ஸ்விக் கம்பெனியில் பாட வைத்தபோது. பெரிய பாடகர்கள் ஒதுக்கிய பாட்டுகள்தாம் இவர்கள் கைக்கு வந்தன; ஏற்பாடு எழுதிக்கொடுக்க ஆளில்லை, அதற்குப் பணமும் இல்லை. நல்ல வாத்தியக்காரர்களை ஓர் அறையில் விட்டு, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஹாமண்ட் சும்மா இருந்தார். என் கணக்கில் அவர் செய்த ஆகச் சிறந்த வேலை இதுதான். சும்மா இருப்பது அவருக்கு மற்ற நேரங்களில் அவ்வளவாக வரவில்லை.

1936 தொடக்கத்தில் நடந்தது அவரே பலமுறை சொல்லிப் புகழ்பெற்ற கதை. சிகாகோவில் காங்கிரஸ் ஹோட்டலில் குட்மேனின் கச்சேரி கேட்கப் போனவர், நடுவில் காருக்கு வந்து ரேடியோவைத் திருப்பினார். டயலின் கடைக்கோடியில் கான்சாஸ் நகரத்திலிருந்து ஒரு சோதனை நிலையம் வந்துகொண்டிருந்தது. ரீனோ கிளப் என்ற இடத்திலிருந்து நேரடி ஒலிபரப்பு. ஒன்பது பேர் கொண்ட குழு. பியானோ வாசித்தவர் இரண்டு சுரம் போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார். பேர் பில் பேசி. வானொலிக்காரர்கள் வைத்த பட்டம் கவுண்ட். ஹாமண்ட் கான்சாஸ் நகரத்துக்கே போய்க் கேட்டுவிட்டு, ‘டவுன் பீட்’ பத்திரிகையில் வாய் ஓயாமல் புகழ்ந்தார்.

அந்தப் புகழ்ச்சியே வினையாக முடிந்தது. கட்டுரையைப் படித்த டெக்கா கம்பெனி, ஹாமண்ட் ஒப்பந்தத்தை எடுத்து வருவதற்குள் ஆளை அனுப்பியது. வந்தவர் தன்னை ஹாமண்டின் நண்பர் என்று சொல்லிக்கொண்டார். ஹாமண்ட்தான் அனுப்பியிருக்கிறார் என்று நம்பிய கவுண்ட் பேசி கையெழுத்துப் போட்டுவிட்டார். 24 பக்கங்களுக்கு 750 டாலர். ராயல்டி என்ற பேச்சே ஒப்பந்தத்தில் இல்லை. பேசியின் பெயரை ஊரெல்லாம் பரப்பிய ‘ஒன் ஓ க்ளாக் ஜம்ப்’ வந்தது இந்த ஒப்பந்தத்தின் கீழ்தான். இதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்ட ஹாமண்ட், வாத்தியக்காரர்கள் சங்கத்திடம் போய்க் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக்கொடுத்தார். ராயல்டியை மீட்க முடியவில்லை.

டெக்காவுக்குப் பேசி வேலையைத் தொடங்குவதற்கு முன், சிகாகோவில் அவர் ஆட்கள் சிலரை வைத்து ஹாமண்ட் ரகசியமாக ஒரு பதிவு செய்துகொண்டார். பேசி பெயரைப் போட முடியாது. டிரம்பெட் கார்ல் ஸ்மித், டிரம்ஸ் ஜோ ஜோன்ஸ். இருவர் பெயரையும் ஒட்டி ‘ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்’ என்று லேபிளில் அச்சிட்டார்கள். ஸ்டுடியோ அவ்வளவு சிறியது, பெரிய டிரம்மை வைக்க இடமில்லை. ஜோ ஜோன்ஸ் இருந்ததை வைத்து ஒப்பேற்றினார். அந்தப் பதிவில்தான் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் முதன்முதலாகத் தட்டில் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் சாக்ஸபோன் வாசிப்பில் பாதி அந்தச் சின்ன அறையிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் ஜாஸ் தெரிந்தவர்கள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நிறவெறி அவருக்கு வெறும் மேடைப்பேச்சு விஷயமாக இருக்கவில்லை. ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மேல் பொய்யாகப் பாலியல் குற்றம் சுமத்திய ஸ்காட்ஸ்பரோ வழக்கை நேரில் போய்ப் பார்த்து ‘தி நேஷன்’ இதழுக்கு எழுதினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில், டெடி வில்சனைச் சேர்த்துக்கொள் என்று குட்மேனை விடாமல் நச்சரித்தவர்களில் முக்கியமானவர் அவர். குட்மேன் 1942-ல் ஹாமண்டின் அக்கா ஆலிஸை மணந்தார். அதனால் இருவருக்கும் உறவு நெருங்கியது என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்தக் காலத்து அவருடைய பெரிய கனவு, கறுப்பின இசையின் முழு வரலாற்றையும் ஒரே இரவில் மேடையேற்றுவது. இடம் கார்னகி ஹால்; நாள் 1938 டிசம்பர் 23; பெயர் ‘ஃபிரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’. பணம் போட ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ‘நியூ மாசஸ்’ என்ற இடதுசாரிப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. முந்தின ஆண்டு இறந்துபோன பெஸ்ஸி ஸ்மித்துக்கு நிகழ்ச்சி சமர்ப்பணம். தேவாலயக் கோஷ்டி, ஹார்மோனிகா வாசித்த பார்வையற்ற சோனி டெர்ரி, பூகி-வூகி பியானோக்காரர்கள் மூவர், சிஸ்டர் ரோசெட்டா தார்ப், முடிவில் கவுண்ட் பேசி. பூகி-வூகி மூவரில் ஒருவர் மீட் லக்ஸ் லூயிஸ். ஒரு பழைய தட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தேடிய ஹாமண்ட், சிகாகோவில் கார் கழுவிக்கொண்டிருந்த அவரைக் கண்டுபிடித்திருந்தார்.

மிஸிஸிப்பியிலிருந்து ராபர்ட் ஜான்சன் என்ற கிட்டார்க்காரரையும் வரவழைக்க ஆள் அனுப்பினார். ஜான்சன் ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார், வயது 27. ஹாமண்ட் மேடையில் ஒரு கிராமபோனை வைத்து ஜான்சனின் இரண்டு தட்டுகளை ஓட விட்டார். 

ஜான்சனுக்குப் பதிலாக வந்தவர் பிக் பில் புரூன்சி. ஆர்கன்சாவிலிருந்து நேராக வந்த பண்ணைத் தொழிலாளி என்று அவரை அறிமுகம் செய்தார்கள். உண்மையில் புரூன்சி பல ஆண்டுகளாக சிகாகோவில் கோட்டும் சூட்டுமாகத் தட்டு போட்டுக்கொண்டிருந்த தொழில்முறைப் பாடகர். நியூயார்க் கனவான்களுக்கு மண் ஒட்டிய கலைஞர் வேண்டியிருந்தது, ஹாமண்டுக்கும்தான். அவருடைய காதில் ஒரு கோணல் இருந்ததென்றால் அது இங்கே தெரிகிறது. கறுப்பின இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனசில் ஒரு வரையறை உண்டு. அதைத் தாண்டிப் போகிறவர்களை மன்னிக்கமாட்டார்.

டியூக் எலிங்டன் தாண்டினார். 1935-ல் நீண்ட இசை ஆக்கம் ஒன்றை எலிங்டன் வெளியிட்டபோது, தன் மக்களின் துன்பத்தைப் பார்க்க மறுக்கிறார் என்ற தொனியில் ஹாமண்ட் எழுதினார். கோடீஸ்வர வீட்டு வெள்ளைக்காரப் பையன் ஒரு கறுப்பின இசைமேதைக்கு இனப்பற்றுப் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? எலிங்டன் பின்னாளில் அதே வேகத்தில் எழுத்திலேயே பதிலடி கொடுத்தார். அடுத்து பில்லி ஹாலிடே. மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர்களைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டை அவர் கஃபே சொஸைட்டி என்ற கிளப்பில் பாடத் தொடங்கியபோது கொலம்பியா பதிவு செய்ய மறுத்தது. 1939 ஏப்ரலில் கமோடோர் என்ற சின்னக் கம்பெனி தட்டாக்கியது. ஸ்காட்ஸ்பரோவுக்குப் போய்வந்த ஹாமண்ட் அந்தப் பாட்டின் பக்கம் நின்றிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. பில்லியின் கலை அந்தப் பாட்டோடு கெட்டது என்பது கடைசிவரை அவருடைய கட்சி. பீபாப் என்ற புது வகை ஜாஸ் வந்தபோதும் இதே கதை. சார்லி பார்க்கரின் தலைமுறை அவர் காதுக்குள் நுழையவே இல்லை.

எழுத்தில் அவசரமும் உண்டு. பெஸ்ஸி ஸ்மித் 1937 செப்டம்பரில் மிஸிஸிப்பியில் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாததால் ரத்தம் போய் இறந்தார் என்று காதில் விழுந்ததை ஹாமண்ட் ‘டவுன் பீட்’ பத்திரிகையில் எழுதினார். அதே கட்டுரையில் பெஸ்ஸியின் பழைய தட்டுகள் மறுபடி வெளிவரப்போவதையும் சொன்னார். விபத்து நடந்த இடத்துக்கு வந்த மருத்துவர் சொன்ன விவரம் வேறு. பெஸ்ஸியைக் கொண்டுபோனது கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்குத்தான். ஆனால் ஹாமண்ட் கிளப்பிய கதை நாடகமாகவே வந்துவிட்டது. எட்வர்ட் ஆல்பி எழுதினார். கேள்விப்பட்டதைத்தான் எழுதினேன் என்று ஹாமண்ட் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஊரெல்லாம் நம்பியாகிவிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகு 1939 ஆகஸ்டுக்கு வரலாம். மூக்கை நுழைப்பது சில சமயம் பலிக்கும். ஓக்லஹாமா நகரத்தில் மின் கிட்டார் வாசிக்கும் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டு விமானம் ஏறிப் போய்க் கேட்டார் ஹாமண்ட். கேட்ட கையோடு அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, குட்மேனிடம் அனுப்பினார். குட்மேன் அரைகுறையாகக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட்டாருக்கு மின்சாரம் எதற்கு என்பது அன்றைய பொதுக்கருத்து. அன்றிரவு பெவர்லி ஹில்ஸ் விக்டர் ஹியூகோ உணவகத்தில் கச்சேரி. குட்மேன் சாப்பிடப் போன இடைவெளியில், கிறிஸ்டியனின் ஆம்ப்ளிஃபையரைச் சமையலறை வழியாகக் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டார்கள். திரும்பி வந்த குட்மேனுக்கு எரிச்சல். கூட்டத்தின் முன்னால் விரட்டவும் முடியாது. புதியவனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து ‘ரோஸ் ரூம்’ என்ற பாட்டைத் தொடங்கினார். கிறிஸ்டியனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சுற்று முடிய அடுத்த சுற்று. முக்கால் மணி நேரமாகியும் பாட்டு முடியவில்லை. குட்மேன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கிறிஸ்டியன் காசநோயால் 1942-ல் இறந்தபோது வயது 25. அவர் குட்மேனோடு இருந்தது மூன்று ஆண்டுகூட இல்லை. ஆனால் அந்தச் சில பதிவுகளைக் கேட்காமல் அதன்பின் யாரும் மின் கிட்டாரைத் தொடவில்லை.

போருக்குப் போய்வந்தது, மஜெஸ்டிக், மெர்குரி, வான்கார்ட் என்று கம்பெனி மாறியதெல்லாம் நமக்கு இங்கே அவ்வளவு முக்கியமில்லை. 1950-களின் முடிவில் கொலம்பியாவுக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு அதிகாரம் குறைவு, மரியாதை அதிகம். ‘ஏ அண்ட் ஆர்’ என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். கலைஞரைப் பிடிப்பதும் பாட்டைப் பொருத்துவதும் அந்த மேசையின் வேலை.

1960-ல் ஒரு பாடலாசிரியர் தன் பாட்டுகளை விற்பதற்காக மாதிரிப் பதிவைக் கொண்டுவந்தார். ஹாமண்ட் பாட்டுகளை விட்டுவிட்டு, பாடிய பெண் யார் என்று கேட்டார். டெட்ராய்ட் போதகர் ஒருவரின் மகள், 18 வயது, அரீதா ஃபிராங்க்ளின். முதல் ஆல்பத்தை ஹாமண்ட் நன்றாகவே செய்தார். பியானோவும் அரீதாதான் வாசித்தார். பிறகு கம்பெனி அவரிடமிருந்து அரீதாவை வாங்கி, வயலின் கூட்டத்தை நிறுத்தி நாகரிகப் பாடகியாக்கப் பார்த்தது. ஆறு ஆண்டு ஓடியது. அட்லாண்டிக் கம்பெனிக்குப் போய், தேவாலயத்தில் பாடியது மாதிரியே பாடு என்று ஜெர்ரி வெக்ஸ்லர் விட்டதும் 1967-ல் வெடித்தது. கொலம்பியாவில் ஹாமண்டுக்கு அதைத் தடுக்கவும் முடியவில்லை, செய்து காட்டவும் முடியவில்லை.

1961 இலையுதிர்காலத்தில் கரோலின் ஹெஸ்டர் என்ற பாடகிக்கு ஹார்மோனிகா வாசிக்க வந்த 20 வயதுப் பையனை ஒப்பந்தம் செய்தார். வயது போதாது, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றபோது பாப் டிலன் தனக்கு யாருமில்லை என்று சாதித்துவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டார். நவம்பர் 20, 22 இரண்டு நாளில் ஆல்பம் முடிந்தது; செலவு 400 டாலர் சொச்சம். ‘ப’ வரும் இடங்களிலெல்லாம் மைக்கில் வெடிக்கிறது, ‘ஸ’ வந்தால் சீறுகிறது, மைக்கை விட்டு அடிக்கடி விலகிப் போய்விடுகிறான், சொன்னாலும் திருத்திக்கொள்ள மறுக்கிறான் என்று ஹாமண்ட் குறைபட்டுக்கொண்டார். ஒரு பாட்டை மறுபடி பாடச் சொன்னாலும் மறுப்பு. 1962 மார்ச்சில் வந்த ஆல்பம் முதல் ஆண்டில் 5,000 பிரதியைத் தொடத் திணறியது. கொலம்பியா நடைபாதையில் ‘ஹாமண்டின் முட்டாள்தனம்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். டிலனை வெளியே தள்ள வேண்டும் என்றபோது ஹாமண்ட் ஒற்றைக்காலில் நின்றார். அதே கம்பெனிக்குப் பாடிக்கொண்டிருந்த ஜானி கேஷும் துணைக்கு வந்தார். இரண்டாவது ஆல்பம் பாதியில் இருக்கும்போதே டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மேன் சண்டை போட்டு ஹாமண்டை விலக்க வைத்தார். டாம் வில்சன் வந்தார். டிலனுக்குப் பின்னால் மின் கருவிகளை நிறுத்திய தயாரிப்பாளர் வில்சன்தான்.

மறுபடி அதே ஒழுங்கு: ஹாமண்ட் கேட்பார், பிடிவாதமாக நிற்பார், ஆல்பம் போடுவார், விற்காது, வேறொருவர் வந்து எடுத்துச் செல்வார். 1967-ல் செல்சி ஹோட்டல் அறைக்கே போய் லெனார்ட் கோஹனைக் கேட்டார். முதல் ஆல்பத்தைத் தொடங்கினார், முடித்தது ஜான் சைமன். பதிவின்போது ஹாமண்ட் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார் என்பது கூட இருந்தவர்கள் சொல்வது. சிலருக்கு அது கோபத்தைக் கொடுத்தது. மேடைக்கூச்சமுள்ள கோஹனுக்கு, யாரும் தன்னை முறைத்துப் பார்க்காதது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

1972 மே 2. மேலாளர் மைக் ஆப்பெல், ஹாமண்டின் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, டிலனைக் கண்டுபிடித்தது அதிர்ஷ்டமா காதா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்ற தோரணையில் பேசினார். ஹாமண்டுக்குக் கோபம் ஏறியது. கூட வந்த நியூ ஜெர்சிக்காரர் 22 வயது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். உறையில்லாத கடன் கிட்டார் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டு மணி நேரம் கேட்டார் ஹாமண்ட். அன்று மாலையே கேஸ்லைட் என்ற சிறு கிளப்பில் அவரைக் கூட்டத்துக்கு முன் பாட வைத்துப் பார்த்தார். மறுநாள் ஸ்டுடியோவில் 12 பாட்டு மாதிரிப் பதிவு. முதல் இரண்டு ஆல்பமும் விற்கவில்லை. இதற்கிடையில் ஹாமண்டுக்கு மாரடைப்பு. 1975-ல் அவர் கொலம்பியாவிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ‘பார்ன் டு ரன்’ வெளிவந்து, ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டும் ஒரே வாரத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் படத்தை அட்டையில் போட்டன.

ஓய்வுக்குப் பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. 1983-ல் ஸ்டீவி ரே வானின் முதல் ஆல்பத்தில் அவர் பெயர் இருக்கிறது. அப்போது வயது 72. 1987 ஜூலை 10-ல் நியூயார்க்கில் காலமானார்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. 1961-ல், அரீதாவுக்கும் டிலனுக்கும் நடுவில், ராபர்ட் ஜான்சனின் பழைய 78 தட்டுகளிலிருந்து 16 பாட்டுகளைத் திரட்டி கொலம்பியா ஒரு நீண்ட தட்டு போட்டது. பின்னால் நின்றவர் ஹாமண்ட். ஆல்பம் கடைக்கு வருமுன் அதன் மாதிரித் தட்டு ஒன்றை டிலன் கையில் கொடுத்தார். டிலன் வீட்டுக்குப் போய்த் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதையும், பாட்டு எழுதும் விதமே அதில் மாறியதையும் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ் போன்ற பையன்கள் அதை வைத்தே கிட்டார் பழகினார்கள். ஊரில் விற்பனை வழக்கம்போல் சொற்பம். 1990-ல் கொலம்பியா ஜான்சனின் எல்லாப் பதிவுகளையும் ஒரே பெட்டியில் போட்டபோது, யாரும் எதிர்பாராமல் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. ஹாமண்ட் இருந்திருந்தால், சரக்கு 52 ஆண்டு தாமதமாக விலைபோனதைப் பார்த்துச் சிரித்திருப்பார். பெட்டிக்குள் இருந்த கட்டுரையில் ஏதாவது ஒரு வரிக்குச் சண்டையும் பிடித்திருப்பார்.

(அடுத்த அத்தியாயம்: மெம்ஃபிஸ் நகரத்தில் வாடகைக் கடையில் ஸ்டுடியோ வைத்த சாம் பிலிப்ஸ்.)